மூட்டின் உழைப்பும் குருத்தெலும்பின் சிதைவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் சூழ்ந்து கிடக்கும் ஊர்களில், உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த ஐம்பது வயது கடந்த இருவர் சந்தித்துக்கொண்டால், மழையையும் விலைவாசியையும் பிள்ளைகளின் சேமநலத்தையும் பேசி முடித்த பிறகு, பேச்சு முழங்காலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. "முட்டி ஜவ்வு தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஒருவர் சொல்ல, தமக்கும் அதுதான் என்று மற்றவர் பெருமூச்சு விடுவார். அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஏன் தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, தேய்ந்த இடம்தான் வலிக்கிறதா, ஒரே வயிற்றில் பிறந்து ஒரே ஊரில் வாழ்ந்த சகோதரிகள் இருவரில் மூத்தவள் சதுரகிரி மலையேறிச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்துத் திரும்ப, இளையவள் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது எதனால் என்ற வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. எழுப்பினாலும், வயதாகிவிட்டது என்ற ஒரே விடை எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படுகிறது.

இவ்வியாதியால் உலகில் அவதியுறுவோர் தொகை 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59.5 கோடி என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. நம் தேசத்தில் பெருநகரம், சிறுநகரம், கிராமம் என்று பல தரப்பட்ட இடங்களில் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 28.7 பேரிடம் முழங்கால் மூட்டின் சிதைவைக் கண்டது. இத்துணைப் பேரைப் பீடிக்கும் வியாதியை வயோதிகத்தின் கணக்கில் எழுதிவிட்டு அமைதி கொள்வது நியாயமாகாது. வயது அதற்கு ஒரு வாயில். ஆனால் அந்த வாயில் வழியே உள்ளே நுழையும் காரணங்கள் பல, அவற்றுட் சில விலக்கத்தக்கவை, சில முன்கூட்டியே அறியத்தக்கவை. எக்ஸ்ரே படத்தின் முன் நின்று மட்டும் மூட்டை அளந்துவிட முடியாது என்பதும், அந்த மூட்டு எத்தனை ஆண்டு, எவ்வகையில், எந்தப் பாரத்தைச் சுமந்தது என்று கேளாத பரீக்ஷை பாதிப் பரீக்ஷையே என்பதும் என் திடமான அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்களை ஒழுங்காக எடுத்துக் காட்ட முயல்கிறேன்.

எலும்பும் எலும்பும் கூடும் இடத்தில் இரு முனைகளையும் போர்த்திருக்கும் குருத்தெலும்பு, முழங்காலில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமே உடைய, வெண்மையும் பளபளப்பும் பொருந்திய ஒரு படலமாகும். அதில் இரத்தக் குழாய் இல்லை, நிணநீர்க் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கென்று நெய்யப்படும் பாண்டேஜ் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரில் ஊறவைத்தால், இழைகள் வடிவத்தைக் காக்க, இழைகளுக்கிடையே நீர் தங்கி நிற்கிறதல்லவா, அவ்வாறே குருத்தெலும்பிலும் கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னலாக அமைந்து வடிவம் தர, அக்ரிகன் என்னும் பெருமூலக்கூறு அப்பின்னலுக்குள் நீரை ஈர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளுகிறது. குருத்தெலும்பின் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நீரே. காலை ஊன்றும்போது அந்நீர் சிறிது கசிந்து பாரத்தைப் பரப்பிக் கொடுக்கிறது. காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்திலிருந்து மீண்டும் உள்ளே ஈர்க்கப்படுகிறது. உயிரணுக்களுக்கு வேண்டிய போஷாக்கு இந்தப் போக்குவரத்தின் வழியாகவே வந்து சேருகிறது. ஆகையால் மூட்டுக்கு அசைவு ஆடம்பரமன்று, ஆகாரமே. அசையாது கிடக்கும் காலில் குருத்தெலும்பு மெலிகிறது.

லண்டன் ராயல் சங்கத்தில் வில்லியம் ஹண்டர் என்னும் வைத்தியர் 1743-இல் குருத்தெலும்பின் அமைப்பையும் அதன் வியாதிகளையும் பற்றி வாசித்த கட்டுரையில், ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று குறித்தார். அவர் பழைய கருவிகளைக் கொண்டு கண்டது பெரும்பாலும் உண்மையென்று இருநூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு விசித்திரமான வழியில் ருஜுவாயிற்று. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கரி-14 என்னும் கதிரியக்கக் கரியின் அளவு உயர்ந்து, பின்பு படிப்படியாகத் தணிந்தது. அந்தந்த ஆண்டில் உண்ட உணவின் வழியே அது மனித சரீரத்தில் பதிந்தது. டென்மார்க்கில் ஆராய்ச்சியாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனில் இந்தக் கரியை அளந்து 2016-இல் வெளியிட்ட முடிவு, அந்த இழைகள் வளரும் பருவத்தில் நெய்யப்பட்டவை, அதற்குப்பின் மாற்றப்படுவதில்லை என்பதே. பதினெட்டு வயதில் அமைந்த பின்னலைக் கொண்டே எழுபது வயது வரை நடக்கிறோம் என்னும் இச்செய்தியை நினைத்துப் பார்க்குந்தோறும், அந்தப் படலத்தின்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது.

ஆனால் இதிலிருந்து, மூட்டு ஓர் எந்திர உறுப்பைப்போல் உராய்ந்து உராய்ந்து தீர்ந்துபோகிறது என்று முடிவு கட்டுவது பிழை. சிதைவின் தொடக்கத்தில் குருத்தெலும்பு வறள்வதில்லை. மாறாக, இழைப் பின்னல் தளர்ந்து, நீர் மிகுந்து, வீங்கி மென்மையடைகிறது. உள்ளிருக்கும் உயிரணுக்களே கலக்கமுற்று, அக்ரிகனையும் கொலாஜனையும் அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அடியிலுள்ள எலும்பு கடினப்படுகிறது. ஓரங்களில் புதிய எலும்பு முளைவிடுகிறது. மூட்டை மூடியிருக்கும் சவ்வு அழற்சியுறுகிறது. தொடைத் தசை மெலிகிறது. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லையாதலால் அது சிதையும்போது தானாக வலிப்பதில்லை. வலிப்பவை அடியிலுள்ள எலும்பும், சவ்வும், தசைநார்களுமே. ஒரு படலத்தின் வியாதியாகத் தோன்றுவது மெய்யாகவே முழு மூட்டின் வியாதி.

நம் பழைய வைத்திய நூல்களும் இதைக் குருத்தெலும்பு என்ற பெயரிட்டுச் சொல்லாவிட்டாலும், மூட்டு முழுவதற்கும் நேரும் கேடாகவே கண்டன. காற்று நிறைந்த தோற்பையைத் தொட்டாற்போன்ற வீக்கமும், மடக்கும்போதும் நீட்டும்போதும் வேதனையும் சந்திகளில் வாதம் புகுந்ததன் லக்ஷணங்கள் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. யூகி முனிவர் வகுத்த வாத ரோகங்களுள் அழல் கீல்வாயு என்பதையே இன்றைய சித்த வைத்தியர்கள் இதற்கு இணையாகக் கொள்கிறார்கள். அவர்களுடைய தோஷக் கணக்கை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். நோயாளியைத் தொட்டும் மடக்கியும் பார்த்து நிர்ணயம் செய்த அந்த வழக்கத்தை மறுப்பதற்கு எதுவுமில்லை.

இனிக் காரணங்களை நோக்குவோம். பிறப்போடு வருவது முதலாவது. இரட்டையராய்ப் பிறந்த பெண்களை ஒப்பிட்டு இங்கிலாந்தில் நடத்திய ஆராய்ச்சி, கை மூட்டிலும் முழங்காலிலும் காணும் சிதைவில் நூற்றுக்கு 39 முதல் 65 வரையான பங்கு மரபின் பாற்பட்டது என்று 1996-இல் மதிப்பிட்டது. பல சிறிய மரபணு வேறுபாடுகள் கூடி விளைவிப்பது இது. ஆகையால் தாய்க்கு இருந்தது மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் ஒரே ஒரு மரபுப் பிழை மூட்டையே அழிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துச் சாகர தாலுகாவில் ஹந்திகோடு என்னும் கிராமத்தில், 1970-களின் நடுவில், ஏழை விவசாயக் கூலிகளுடைய இடுப்பும் முழங்காலும் இளமையிலேயே முடங்கத் தொடங்கின. பூச்சிமருந்து தெளித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதே காரணமோ என்று முதலில் சந்தேகித்தார்கள். பின்பு அது குடும்ப வழியே இறங்கும் எலும்பு வளர்ச்சிக் குறை என்று தெளிவாயிற்று.

அதைவிட நமக்கு நெருங்கியது நரிக்குறவர் சமூகத்தின் துயரம். ஆல்கப்டோனூரியா என்றொரு பிறவிக் குறை உண்டு. உணவுப் புரதத்தின் ஒரு கூறைக் கரைக்க வேண்டிய நொதி இல்லாமற்போவதால், ஹோமோஜெண்டிஸிக் அமிலம் என்னும் பொருள் உடம்பில் தேங்கி, சிறுநீரில் இறங்குவதோடு குருத்தெலும்பிலும் படிந்து அதைக் கறுக்கச் செய்கிறது. கறுத்த குருத்தெலும்பு இறுகி, நொறுங்கி, முப்பது நாற்பது வயதிலேயே முதுகெலும்பையும் முழங்காலையும் முடக்குகிறது. ஆங்கில வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-இல் இந்நோயை ஆராய்ந்தே, மரபு வழி வரும் ரசாயனக் குறைகள் மனிதர்க்கு உண்டு என்ற கருத்தை உலகுக்கு அளித்தார். உலகெங்கும் மிக அபூர்வமாகக் காணும் இக்குறை, தமிழ்நாட்டு நரிக்குறவர்களிடையே நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இருப்பதாகத் தெரியவந்தது; நோயுற்ற அனைவரிடமும் இருந்தது ஒரே மரபுப் பிழை. தம்முள்ளேயே மணம் செய்துகொண்டு வாழ்ந்த சிறிய சமூகத்தில் மூதாதை ஒருவரிடம் தோன்றிய குறை பரவியதன் விளைவு அது.

இதில் என் மனத்தை வருத்துவது ஒன்று உண்டு. இந்த வியாதியைச் சந்தேகிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிறுநீரை ஒரு பாத்திரத்தில் பிடித்துச் சில மணிநேரம் திறந்து வைத்தால் அது மெல்ல மெல்லக் கறுக்கும். குழந்தையின் துணியில் படிந்த கறை கறுப்பதைத் தாய் கண்டிருப்பாள். வயது ஏற ஏறக் காது மடலில் நீலம் பாரித்திருக்கும். கண்ணின் வெள்ளையில் பழுப்புப் புள்ளி தோன்றியிருக்கும். இவற்றைப் பார்த்துக் கேட்க ஒருவர் இருந்தால் முப்பது வயது இளைஞனின் முதுகுவலி எதனால் என்பது ஒரே நாளில் விளங்கிவிடும். அந்த அமிலம் உண்டாவதையே குறைக்கும் நிடிசினோன் என்னும் மருந்து 2020-இல் ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. குருத்தெலும்பு கறுத்துச் சிதைந்த பிறகு கொடுப்பதைவிட, கறுக்குமுன் கண்டு கொடுப்பதல்லவா பயன்? பாசி மணி விற்று ஊர் ஊராய்ப் போகும் மக்களிடம் அந்தக் கண்டறிதல் சென்று சேர வேண்டும்.

உடற்பருமன் இரண்டாவது காரணம். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் பிராமிங்ஹாம் நகரத்து மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடை குறைந்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் சிதைவு வரும் அபாயம் பாதிக்கு மேல் குறைந்ததென்று 1992-இல் அறிவித்தார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்பது 2005-இல் தெரிந்தது. எனினும் பருமனான பெண்களுக்கு விரல் மூட்டுகளும் சிதைவதைப் பார்க்கும்போது, கொழுப்பு பாரமாக மட்டுமன்றி அழற்சிப் பொருள்களின் ஊற்றாகவும் இருந்து கெடுக்கிறது என்று அறிகிறோம். பழைய காயம் மூன்றாவது. முழங்காலின் இடையே பிறை வடிவில் இருக்கும் மெத்தையை அறுத்து எடுத்துவிட்டால் பின்னாளில் மூட்டு குறுகிச் சிதைகிறது என்று பேர்பேங்க் என்னும் அறுவை வைத்தியர் 1948-இலேயே எச்சரித்தார். கபடி ஆடுகளத்திலும் மோட்டார் சைக்கிள் விபத்திலும் இருபது வயதில் முழங்காலைத் திருகிக்கொண்டு, எண்ணெய் நீவி, கட்டுப்போட்டு, மறந்துபோன ஆண்கள் நாற்பதில் வைத்தியரிடம் வருவது இதனாலேயே. கால் வில்லாக வளைந்திருப்போருக்கு உட்புறக் குருத்தெலும்பின் மேல் பாரம் குவிவதும், மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு இந்நோய் மிகுவதும் யாவரும் ஒப்புக்கொண்டவை.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது உழைப்பைப் பற்றி. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த நாள் முதல் இவ்வட்டாரம் பஞ்சாலும் நூலாலும் வாழ்கிறது. நூல் நூற்கும் கைக்கு என்ன நேருகிறது என்று ஆராய்ந்தவர்கள் பிற தேசங்களில் உண்டு. லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழிலாளர்களை லாரன்ஸ் என்பவர் ஆராய்ந்து 1961-இல் எழுதினார். அதைவிட நுட்பமானது அமெரிக்காவின் வர்ஜினியா மாகாணத்துக் கம்பளி ஆலை ஒன்றில் நார்ட்டின் ஹாட்லரும் உடனிருந்தோரும் செய்து 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. பல ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்துவந்த பெண்களை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். துணியிலுள்ள முடிச்சுகளையும் பிசிறுகளையும் விரல் நுனியால் பொறுக்குவோர் ஒரு வகை. அறுந்த இழையைப் பிணைத்து நூற்போர் மற்றொரு வகை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நூலைச் சுற்றுவோர் மூன்றாம் வகை. விரல் நுனியால் நுட்பமாகப் பற்றுவோருக்கு விரல் மூட்டுகளிலும், சுற்றுவோருக்கு மணிக்கட்டிலும் மாறுதல் காணப்பட்டது. ஒரே ஆலை, ஒரே பாலினம். வேலை வேறுபட்டதால் சிதைந்த மூட்டும் வேறுபட்டது. ரிங் பிரேம் என்னும் நூற்பு எந்திரத்தில் சைடு பார்க்கும் பெண் ஷிப்ட் முழுவதும் சிமெண்டுத் தரையில் நடந்தபடியே, ஓடும் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து ஒரு நொடியில் முறுக்கி இணைப்பதைப் பார்த்தவர்க்கு, அவள் கட்டைவிரலின் அடிமூட்டை ஏன் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும். வர்ஜினியாவில் எடுத்தது போன்ற கணக்கு நம் ஆலைகளிலும் எடுக்கத்தக்கது.

முழங்காலுக்கு வருவோம். சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் அறுபது வயது கடந்தவர்களைப் படமெடுத்துப் பிராமிங்ஹாம் மக்களோடு ஒப்பிட்டபோது, மெலிந்த உடம்பினரான சீனப் பெண்களிடம் முழங்கால் சிதைவு அமெரிக்கப் பெண்களினும் மிகுதியாகவும், இடுப்பு மூட்டின் சிதைவோ மிகச் சொற்பமாகவும் இருந்தது. பருமன் ஒன்றே காரணமென்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இளமையில் நாளொன்றுக்கு மூன்று மணிநேரமோ அதற்கு மேலோ குந்தி உட்கார்ந்தவர்களுக்கு, அரைமணிக்குள் உட்கார்ந்தவர்களைவிட இரு மடங்குக்குக் குறையாத அபாயம் இருந்ததென்று 2004-இல் தெரியவந்தது. இடுப்பைவிட முழங்காலே அதிகம் கெடும் இதே போக்கை நம்மவர்களிடமும் காண்கிறோம். வத்திராயிருப்புப் பக்கத்து வயலில் குத்தவைத்துக் களையெடுக்கும் பெண், வாசல் தெளித்துக் கோலமிட்டு, அடுப்படியில் குந்தி, கழிப்பிடத்தில் குந்தி, வயலில் மீண்டும் குந்தி நாளைக் கழிக்கிறாள். ஆனால் குந்துதலே தீது என்று நான் சொல்லவில்லை. இடுப்பும் கணுக்காலும் முழு அளவு மடங்கும் பாக்கியம் அவ்வழக்கத்தால் நமக்குக் கிடைத்தது. சில நிமிஷம் குந்தி எழுவது வேறு. கூலிக்காக மணிக்கணக்கில் குந்தியபடியே நகர்ந்து வேலை செய்வது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனியாது, தரையில் உட்காரவே கூடாது என்று எல்லோருக்கும் ஒரே விதி விதிப்பவர்களை நான் ஒப்புவதில்லை.

மலையிறக்கமும் கவனிக்கத்தக்கது. செயற்கை முழங்காலுக்குள் அளவுகருவி பொருத்தி ஜெர்மனியில் 2010-இல் எடுத்த கணக்குப்படி, சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு; படியேறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல்; இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்குப் போகும் அடியார்கள் ஏறுவதற்கே அஞ்சுகிறார்கள். முழங்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறக்கத்தில், அடிவாரம் கண்ணுக்குத் தெரியும்போதுதான். கைத்தடி ஊன்றி, தொடைத் தசைக்குப் பல வாரம் முன்பிருந்தே பயிற்சி தந்து இறங்குவோர்க்கு அத்துன்பம் குறையும்.

காரணங்கள் இவ்வாறு கலந்து கிடக்கையில், பரீக்ஷை எங்கே தொடங்க வேண்டும்? வாயும் கையும்தான் முதற்கருவி. காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்வது அரை மணிக்குள் தளர்கிறதா, அதற்கு மேலும் நீடிக்கிறதா என்று கேட்பது ஓர் எளிய வினா. ஆனால் அரைமணிக்கு மேல் நீடிப்பது முடக்குவாதம் போன்ற அழற்சி நோயைக் காட்டும் குறியாகலாம், அதற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறு. பின்பு நோயாளியைக் கட்டிலில் கிடத்தி, முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் காலை மெதுவாக மடக்கி நீட்டினால், சிதைந்த மூட்டு கரகரவென்று உரசுவது உள்ளங்கைக்குத் தெரியும். மூட்டின் உட்கோட்டில் கட்டைவிரலை அழுத்தினால் எலும்பின் விளிம்பு நோகும், சிலருக்கு அவ்விளிம்பு தடித்தும் இருக்கும். புறங்கையை வைத்தால் சூடு இராது. 1986-இல் அமெரிக்க மூட்டுவாத வைத்தியர் சபையினர் வகுத்த இலக்கணப்படி, முழங்கால் வலியோடு, ஐம்பது கடந்த வயது, அரைமணிக்குட்பட்ட காலை இறுக்கம், கரகரப்பு, எலும்பு நோதல், எலும்பு தடித்தல், சூடின்மை என்ற ஆறில் மூன்று இருந்தாலே, படமின்றி இந்நோயை நிர்ணயிக்கலாம். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒதுக்குவது எளிதன்று என்பதையும் அறிவேன்; ஆயினும் படமெடுக்கும் அறைக்கு வெளியே நோயாளி காத்திருக்கும் நேரத்தை எண்ணினால், அது பெரிய செலவாகத் தோன்றவில்லை.

படத்தின் கதை இதற்கும் முற்பட்டது. கெல்கிரன் என்பவரும் முன்பு சொன்ன லாரன்ஸும் 1957-இல் பூச்சியம் முதல் நான்கு வரை தரம் பிரித்து வகுத்த முறையே இன்றளவும் உலகில் வழங்குகிறது. ஓர எலும்பு முளை உறுதியாகத் தெரிந்தால் இரண்டாம் தரம். மூட்டு இடைவெளி குறுகியது திண்ணமானால் மூன்று. எலும்பின் வடிவமே மாறினால் நான்கு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதில்லை. இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தைக் கொண்டு அதன் கனத்தை அனுமானிக்கிறோம். படுக்க வைத்து எடுத்த படத்தில் அந்த வெற்றிடம் பொய்யாக விரிந்து தோன்றும். நின்று, பாரம் ஊன்றிய நிலையில் எடுக்க வேண்டும் என்பதை 1968-இல் அல்பெக் என்னும் சுவீடன் நாட்டு வைத்தியர் வலியுறுத்தினார். நோயாளிகள் பையில் கொண்டுவரும் பழைய படங்களுள் படுத்து எடுத்தவை இன்னமும் காணக் கிடைக்கின்றன.

ஒழுங்காக எடுத்த படத்திலும், தரத்துக்கும் துன்பத்துக்கும் பொருத்தம் குறைவு. நான்காம் தரத்து முழங்காலோடு சந்தைக்குப் போய்வருவோரும், முதல் தரத்து முழங்காலோடு இரவில் உறங்க இயலாதோரும் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிச் செலவிடும் குடும்பங்களைக் காண்கையில் மனம் பதறுகிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐம்பது வயது கடந்து, எக்ஸ்ரேயில் சிதைவு ஏதும் தெரியாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 89 பேரிடம் ஏதேனும் ஒரு மாறுதல் காணப்பட்டது. வலி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் அதில் அதிகமில்லை. மூட்டு பூட்டிக்கொள்ளுதல், புதிய காயம், கட்டியோ எலும்பழிவோ உண்டோ என்ற ஐயம் ஆகிய சந்தர்ப்பங்களில் அப்பரீக்ஷை இன்றியமையாதது. மற்றவர்க்கு அது பெரும்பாலும் அச்சத்தையே கூட்டும்.

ஆகவே அறிஞர்கள் நோயாளியின் சக்தியை அளக்க முற்பட்டார்கள். கனடாவில் 1980-களில் நிக்கலஸ் பெல்லமி முதலானோர் உருவாக்கிய வோமாக் என்னும் வினாநிரல், வலியைப் பற்றி 5, இறுக்கத்தைப் பற்றி 2, அன்றாடச் செயல்களைப் பற்றி 17 என 24 வினாக்கள் உடையது. காலுறை அணியும்போது எவ்வளவு சிரமம், குளியல் தொட்டியில் இறங்கும்போது எவ்வளவு, காரில் ஏறும்போது எவ்வளவு என்று அது கேட்கிறது. சுந்தரபாண்டியத்து நெசவாளிப் பெண்ணிடம் இவற்றைக் கேட்டால் அவள் எதற்கு மதிப்பெண் தருவாள்? அவளைக் கேட்க வேண்டியவை வேறு. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை எத்தனை மணிநேரம் மிதிக்கிறாள், குழியிலிருந்து எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள், பந்தியில் சம்மணமிட முடிகிறதா, ஆடிப்பூரத்துக்குத் தேர் வரும் வீதியில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, பேரக்குழந்தையைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு எழ முடிகிறதா என்பவை அவை. புனேயில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் மூட்டுவாத ஆராய்ச்சி மையத்தினர் இக்குறையை உணர்ந்து, அவ்வினாநிரலை இந்திய வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்தி வழங்கியது போற்றத்தக்கது. 2013-இல் சர்வதேச அறிஞர்கள் சிபாரிசு செய்த செயற்சோதனைகளிலும், முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்பது ஒன்று. நாற்காலியோடு நிறுத்தாமல், பாயிலிருந்து எழுவதையும் நம் வைத்தியர்கள் பார்க்க வேண்டும். கையூன்றாமல் எழுந்தவர் ஆறு மாதம் கழித்துச் சுவரைப் பிடித்து எழுந்தால், எந்தப் படமும் காட்டாத செய்தியை அது காட்டிவிடும். தொடைத் தசைப் பயிற்சியால் அவரே ஓராண்டில் மீண்டும் கையூன்றாமல் எழுந்தாரானால், அதே படத்தோடுதான் எழுந்திருப்பார்.

இச்சோதனைக்கு ஏற்ற இடம் நோயாளியின் வீடு. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கண்முன்னே நிலைப்படியின் உயரமும், கழிப்பிடத்தின் அமைப்பும், தறிக்குழியின் ஆழமும் இருக்கின்றன. இவற்றையும், எந்த வேலையில் எத்தனை ஆண்டு என்பதையும் நோயாளியின் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம்.

அந்த இரண்டு வரிக்கு எத்துணை வலிமை உண்டு என்பதைப் பிரிட்டன் காட்டியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் முழந்தாளிட்டு உழைத்தவர்களின் வேலைக் கணக்கையும் மூட்டுச் சிதைவையும் இணைத்துப் பார்த்து, பத்து ஆண்டு நிலத்தடியில் உழைத்தவரின் முழங்கால் சிதைவை 2009-இல் தொழில் வியாதியாக அந்நாட்டு அரசு ஏற்றது. அடுத்த ஆண்டே தரைவிரிப்புப் பதிப்போரையும் தளம் போடுவோரையும் அதில் சேர்த்தது. 1923-ஆம் ஆண்டின் நம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈயநஞ்சும் சிலிக்கோஸிஸும் இருந்தன, முழங்கால் சிதைவு இடம்பெறவில்லை. சேர்க்க வேண்டுமென்று கேட்பவர்கள் முதலில் காட்ட வேண்டியது, இன்னார் இத்தனை ஆண்டு இந்த வேலையில் குந்தினார், நின்றார், சுமந்தார் என்ற பதிவையே.